ஒன்பதாவது வயர்

எனக்குச் சந்தேகம் கொஞ்சம் அதிகம். கேஸ் சிலிண்டர் வந்தால் சீல் பிரிந்திருக்கிறதா என்று பார்ப்பேன். பார்த்த பிறகு தூக்கியும் பார்ப்பேன். கண்டக்டர் சில்லறை இல்லை என்றால் அவர் பையையே பார்த்துக்கொண்டு நிற்பேன். "கல்யாணத்தன்னிக்கே இவதான் பொண்ணான்னு உனக்கு டவுட்டு வந்திருக்குமே" என்பாள் மனைவி. வந்ததா இல்லையா என்று நான் இதுவரை பதில் சொன்னதில்லை.

தொழிலும் அப்படி வாய்த்துவிட்டது. திருப்போரூரில் ரோட்டோரமாக லாரி, வேன், டிராக்டர்களுக்கு எலக்ட்ரிக்கல் வேலை செய்கிறேன். இருபத்தைந்து வருடம் ஆகிறது. வண்டிக்காரர் வந்து, "நேத்து வரைக்கும் நல்லா ஓடிச்சி, நான் எதையும் தொடல" என்பார். தொட்டிருப்பார். டேப்பைப் பிரித்தால் உள்ளே சிகரெட் பாக்கெட்டின் ஜிகினாத் தாளைச் சுருட்டி ஃப்யூஸுக்குப் பதிலாக வைத்திருப்பார். இப்படி இருபத்தைந்து வருடம் பார்த்தவனுக்கு, வயரைவிட மனிதர்கள் மேல்தான் முதலில் கண் போகும்.

கோவளத்துப் படகு வேலை எனக்கு வந்தது ஒரு டிரைவர் மூலமாக. அவர் முன்பு மீன் வேன் ஓட்டியபோது என் கடைக்கு வந்துபோனவர். இப்போது ஒரு முதலாளியின் படகை ஓட்டுகிறார் என்றார். முதலாளிக்கு மாமல்லபுரம் பக்கம் கடலோரத்தில் தங்கும் விடுதி. அங்கே வருகிறவர்களைக் கடலுக்குள் கூட்டிப்போய்க் காட்ட ஒரு ஃபைபர் படகு. கீழே அறைக்குள் ஒரு ஸ்டீயரிங், அறைக்கூரையின் மேலே இன்னொரு ஸ்டீயரிங். மேலே இருந்து ஓட்டினால்தான் வலையும் பாறையும் கண்ணுக்குத் தெரியும். ஆனால் மேல் ஸ்டீயரிங்குக்குப் போன வயர்கள் எல்லாம் உப்பில் செத்துவிட்டன.

"நம்ம ஆளு ஒருத்தரு கீறாருன்னு ஓனராண்ட சொல்லிட்டேன் அண்ணாத்த. வந்து பாரு" என்றார். அவராகக் கூப்பிட்டார் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் அதை நான் மறந்ததுதான் இந்தக் கதையே.

பொங்கலுக்கு முன் போனேன். கழிமுகத்தின் உள்பக்கம், பாலத்துக்கு இந்தப் புறம் படகு கட்டியிருந்தது. கடலுக்குப் போக வேண்டுமானால் பாலத்தின் அடியில் நுழைந்துதான் போக வேண்டும். மேலே இருக்கும் இருக்கை, ஸ்டீயரிங், துணிக்கூரை எல்லாம் ஒரே ஸ்டீல் குழாய்ச் சட்டத்தில் இருந்தன. இரண்டு பின்னைப் பிடுங்கினால் அந்தச் சட்டம் கீல் வைத்த கதவு மாதிரி பின்பக்கம் சாய்ந்துவிடும். பாலத்தைத் தாண்டியதும் மறுபடி நிமிர்த்திப் பின்னைச் சொருகுவார்கள். போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை. நல்ல யோசனைதான் என்று நானே பாராட்டினேன்.

நான் ஏணியில் ஏறியபோது படகு என் பக்கமாகச் சாய்ந்தது. எனக்கு நூற்றைந்து கிலோ. டிரைவர் ஒடிசலான ஆள், சட்டைக்குள் ஆள் இருக்கிறாரா என்று தேட வேண்டும். "அண்ணாத்த, பாத்து. நீ ஏறுனா போட்டு குடை சாஞ்சிடும்" என்று சிரித்தார். அவருடைய சிரிப்பிலும் எனக்கு ஏதோ இருப்பதாகப்பட்டது.

அன்றைக்கே முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மேலே ஒரு மணி மீட்டர் வைக்க வேண்டும் என்றார். எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் மீட்டர். "டிரைவருக்கு அது என்னன்னு விளக்க வேண்டாம். டீசல் போற வேகமும் இவர் சொல்ற நேரமும் ஒத்துவரலை. காலையில நாலு மணிக்கெல்லாம் படகு எங்கயாவது போயிட்டு வருதோன்னு எனக்கு ஒரு யோசனை" என்றார். சந்தேகப்படுகிற இன்னொரு ஆளைப் பார்த்ததும் எனக்கு மனது குளிர்ந்துவிட்டது. அந்த நிமிடமே நான் டிரைவர் கூப்பிட்டு வந்த ஆளாக இல்லாமல் முதலாளியின் ஆளாகிவிட்டேன்.

இரண்டு நாள் வேலை. ஸ்டார்ட், ஸ்டாப், ஹாரன், விளக்கு, மூன்று மீட்டர்கள், இந்த மணி மீட்டர் என்று மேலே போக வேண்டிய வயர் எட்டு. ஒன்பதாவது, தடித்த கருப்பு வயர். கரண்ட் மேலே போய் வேலையை முடித்துவிட்டு பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பி வர வேண்டுமல்லவா, அதற்கு. எஞ்சின் அறையிலிருந்து கூரைக்குப் போன பைப் ஒல்லிப் பைப். எட்டு வயரை இழுப்பதற்குள் உள்ளங்கை உரிந்துவிட்டது. சோப்புத் தண்ணீர் ஊற்றினேன், கிரீஸ் தடவினேன், டிரைவர் கீழிருந்து தள்ள நான் மேலிருந்து இழுத்தேன். ஒன்பதாவது வரவே மாட்டேன் என்றது.

மணி மூன்று. சாப்பிடவில்லை. எனக்குக் கோபம் வந்தால் மூளை வேகமாக ஓடுவதாக எனக்கு ஒரு நினைப்பு. லாரியில் யார் இரண்டு வயர் இழுக்கிறார்கள்? ஒரு வயர் போகும். திரும்பி வருவது வண்டியின் இரும்பு உடம்பு வழியாக. பாடி எர்த் என்போம். என் கை இருபத்தைந்து வருடமாகச் செய்வது அதைத்தான். படகு ஃபைபர், அதில் கரண்ட் போகாது, அது எனக்குத் தெரியாதா? ஆனால் மேலே இந்த ஸ்டீல் சட்டம் இருக்கிறதே. மேலே உள்ள எல்லா நெகட்டிவையும் சட்டத்தில் போல்ட் போட்டு இறுக்கினேன். சட்டத்தின் அடிக்கால் கூரையைத் துளைத்து எஞ்சின் அறை வரைக்கும் இறங்கியிருந்தது; அதிலிருந்து ஒரு குட்டை வயரை பேட்டரிக்குக் கொடுத்தேன். சாவியைத் திருப்பினேன். எல்லாம் எரிந்தது, ஹாரன் அலறியது, கொக்கு பறந்தது. கருப்பு வயரைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து, என் புத்திசாலித்தனத்தை மனைவியிடம் விவரமாகச் சொன்னேன். அவள் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று வாரம் கழித்து டிரைவர் போன் செய்தார். மேலே ஒன்றும் வேலை செய்யவில்லை, மீட்டர் முள் எல்லாம் படுத்துவிட்டது என்றார். போனேன். ஏறி உட்கார்ந்தேன், சாவியைத் திருப்பினேன். எல்லாம் வேலை செய்தது. முள் எழுந்து நின்றது, விளக்கு எரிந்தது.

"இன்னா கோளாறு?" என்றேன்.

"இப்போ ஓடுது. காலையில ஓடலயே" என்றார் அவர்.

அடுத்த வாரம் மறுபடி போன். மறுபடி போனேன், மறுபடி எல்லாம் ஒழுங்காக இருந்தது. மூன்றாவது தடவை போனபோது கீழே நின்றுகொண்டு அவர் சொன்னார்: "அண்ணாத்த, நான் ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காத. நீ மேல குந்திகினா ஓடுது. நீ எறங்கிப் போனா நின்னுடுது. இன்னாமோ வெச்சிட்டுப் போறியா நீ?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. திரும்பத் திரும்பக் கூப்பிட வைப்பதற்காக நானே ஏதோ கோளாறு வைக்கிறேன் என்கிறானா இந்த ஆள்? என்னையா? "நான் வெக்கல. வேற யாரு வெக்கிறாங்கன்னு பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அன்றிலிருந்து நான் அவரைக் கவனிக்க ஆரம்பித்தேன். என்னைப் பார்த்ததும் போனை எடுத்துப் பையில் வைத்தால் ஏன் வைத்தார் என்று யோசித்தேன். வைக்காவிட்டால் எவ்வளவு தைரியம் என்று யோசித்தேன். மணி மீட்டரைப் பார்த்தேன்: அவர் கடலில் இருந்ததாகச் சொன்ன நேரத்தில் பாதிகூட அதில் ஏறவில்லை. மேலே கரண்ட் போனால் மீட்டரும் நின்றுவிடும் அல்லவா? ஆக, மீட்டர் நிற்க வேண்டும் என்று யாருக்கு ஆசை இருக்கும்? கணக்கு எனக்கு எவ்வளவு சுலபமாக விடை தந்தது என்று இப்போது நினைத்தால் கூசுகிறது.

மகளின் நெயில் பாலிஷை எடுத்துக்கொண்டு போனேன். ஒவ்வொரு ஸ்க்ரூ தலையிலும் சிவப்பாக ஒரு பொட்டு வைத்தேன். யாராவது ஸ்க்ரூவைத் திருகினால் பொட்டு உடைந்துவிடும். பத்து நாள் கழித்துப் போய்ப் பார்த்தேன். ஒரு பொட்டும் உடையவில்லை. சாதாரண மனிதன் அதோடு விட்டிருப்பான். நான், சரி, ஸ்க்ரூவைத் தொடாமலேயே செய்யத் தெரிந்திருக்கிறது, நாம் நினைத்ததைவிடப் பெரிய ஆள் என்று முடிவு செய்தேன். முதலாளியிடமும் போனில், திருட்டுத்தனமாகப் படகை எடுத்துப்போக மீட்டரை நிறுத்துகிறார் என்று சொன்னேன். "நானும் அதைத்தான் நினைச்சேன்" என்றார் அவர்.

மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அது நடந்தது. விடுதியில் தங்கியவர்கள் எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு டிரைவர் மேல் ஸ்டீயரிங்கில் வந்துகொண்டிருக்கிறார். முன்னால் ஒரு மீன்பிடிப் படகு வலையை இறக்கிக்கொண்டிருக்கிறது. விலகச் சொல்லி ஹாரன் அடித்திருக்கிறார். அடிக்கவில்லை. எஞ்சினை நிறுத்தப் பார்த்திருக்கிறார். மேலே ஸ்டாப் பட்டனும் வேலை செய்யவில்லை. கீழே குதித்து ஓடி நிறுத்துவதற்குள் படகு வலை மேல் ஏறி, அடியில் சுழலும் காத்தாடி வலையைச் சுருட்டிவிட்டது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. வலை போயிற்று.

எனக்கு போன் வந்து நான் போய்ச் சேர்ந்தபோது, படகு கட்டும் இடத்தில் கூட்டம். வலைக்காரர்கள் ஏழெட்டுப் பேர், முதலாளி, நடுவில் டிரைவர். அவருக்கு உதடு காய்ந்திருந்தது. "ஹாரன் அடிக்கல. மாதா மேல சத்தியமா அடிக்கல. இவரையே கேளுங்க, எத்தினி தபா போன் பண்ணேன்னு" என்று என்னைக் காட்டினார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஏணியில் ஏறினேன். படகு சாய்ந்தது. இருக்கையில் உட்கார்ந்து பட்டனை அழுத்தினேன்.

ஹாரன் அலறியது. கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் அழுத்தியே வைத்திருந்தேன். அவ்வளவு நேரம் அழுத்த வேண்டிய அவசியம் இல்லை.

வலைக்காரர்களில் ஒருவர் காறித் துப்பினார். "தூங்கிகினு ஓட்டிட்டு ஹாரன் மேல பழி போடுறியா நீ?" என்றார். இன்னொருவர், கோவளத்தில் டிரைவருக்குப் பக்கத்துத் தெரு போலிருக்கிறது, "உன்னாண்ட இத எதிர்பாக்கலப்பா" என்றார். திட்டியவரைவிட இவர் சொன்னதுதான் டிரைவரின் முகத்தை மாற்றியது.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அண்ணாத்த, நீ எறங்கு. நான் ஏறிக் குந்திகினு அடிக்கிறேன். அப்போ பாரு. ஒரே ஒரு தபா."

நான் இறங்கியிருக்கலாம். அரை நிமிட வேலை. ஆனால் நான் மேலே உட்கார்ந்தபடியே சொன்னேன்: "எதுக்கு? ஏறி எதையாவது புடுங்கிட்டு, இப்போ அடிக்கல பாருன்னு சொல்றதுக்கா? வயர்ல ஒரு கோளாறும் இல்ல. என் வேலைக்கு நான் பொறுப்பு."

முதலாளி அதோடு பேச்சை முடித்துவிட்டார். அன்று மாலையே டிரைவரிடமிருந்து சாவியை வாங்கிவிட்டார். நீ திருட்டுத்தனமாகப் படகை எடுத்துப்போக மீட்டரை நிறுத்தி வந்தாய், அதனால்தான் இது நடந்தது என்று எல்லோர் எதிரிலும் சொல்லியிருக்கிறார். அதில் முதல் பாதி என் வாக்கியம். நான் போனில் சொன்ன வாக்கியத்தை வார்த்தை மாறாமல் சொல்லியிருக்கிறார்.

புது டிரைவர் வந்தார். திருக்கழுக்குன்றத்து ஆள், என்னைப் போலவே நல்ல உடம்பு. அவர் வந்த பிறகு ஒரு போன் இல்லை, ஒரு புகார் இல்லை. முள் எழுந்து நின்றது, மீட்டர் ஓடியது, ஹாரன் அடித்தது. முதலாளி என்னைக் கூப்பிட்டு, "நீங்க அன்னைக்குச் சொன்னது நூத்துக்கு நூறு சரி" என்றார். கடையில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் நான் இதைச் சொன்னேன். நெயில் பாலிஷ் பகுதியைக் கொஞ்சம் நீட்டியே சொன்னேன்.

சித்திரையில் முகத்துவாரம் மண் மூடியது. கடலுக்குப் போக வழியில்லாததால் படகைக் கரையேற்றிக் கட்டைகள் மேல் நிறுத்தி, பெயின்ட் அடிக்க விட்டார்கள். மேலே ஒரு புது விளக்கு போடச் சொல்லி முதலாளி என்னை அனுப்பினார். நான் போனது பகல் பதினொரு மணி. பெயின்ட்காரர்கள் டீ குடிக்க ரோட்டுக்குப் போயிருந்தார்கள். ஏறி உட்கார்ந்து விளக்கை மாட்டிப் போட்டுப் பார்த்தேன். எரிந்தது. டேப்பைக் கீழே விட்டுவிட்டேன் என்று இறங்கினேன். இறங்கி நிமிர்ந்து பார்த்தால் விளக்கு அணைந்திருந்தது.

யாரோ அணைத்துவிட்டார்கள். அதுதான் எனக்கு முதலில் தோன்றியது. படகைச் சுற்றி வந்தேன். அடியில் குனிந்து பார்த்தேன். ஒரு நாய் படுத்திருந்தது, வேறு யாரும் இல்லை. மறுபடி ஏறினேன். உட்கார்ந்ததும் விளக்கு எரிந்தது. இறங்கினேன், அணைந்தது. நாய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. சந்தேகப்பட அங்கே யாருமே இல்லை.

சட்டத்தின் கீலைப் பார்த்தேன். பாலத்துக்காகத் தினம் மடக்கி நிமிர்த்திய கீல். அதன் பின்னுக்கும் ஓட்டைக்கும் நடுவில் உப்பு பூத்து வெள்ளையும் பச்சையுமாகப் பொருக்குத் தட்டியிருந்தது. நான் திருப்பி அனுப்பிய கரண்ட் எல்லாம் அந்தக் கீல் வழியாகத்தான் போக வேண்டும். நூற்றைந்து கிலோ உட்கார்ந்தால் கீல் அழுந்தி இரும்பும் இரும்பும் சேரும். ஒடிசலான ஆள் உட்கார்ந்தால் சேராது. புது டிரைவர் நல்ல உடம்பு. ஏணியின் கீழே மணலில் உட்கார்ந்துவிட்டேன். நீ மேல குந்திகினா ஓடுது, நீ எறங்கிப் போனா நின்னுடுது. எனக்குப் புரியும்படி, ஒரு வார்த்தை கூடாமல் குறையாமல் அந்த ஆள் சொல்லியிருக்கிறார். படகில், கரையில், போனில் என்று எல்லோரையும் சந்தேகப்பட்ட நான், என் கையை மட்டும் ஒரு நாளும் சந்தேகப்படவில்லை. வெட்கமாக இருந்தது.

முதலாளிக்கு போன் செய்து உண்மையைச் சொன்னேன். "சரி, வயரைச் சரி பண்ணிடுங்க. இப்ப இருக்கிற ஆள் நல்லா ஓட்டுறாரு. பழசைக் கிளற வேண்டாம்" என்றார். டீசல் என்று இழுத்தேன். "அது டேங்க்ல லீக்கு. போன மாசம்தான் பார்த்தோம்" என்றார். அதை எனக்கு யாரும் சொல்லவில்லை. டிரைவரிடம் சொல்லவும் அவருக்கு மனது வரவில்லை போலும்.

வேறு பைப் இழுத்து, ஒன்பதாவது வயரை அன்றைக்கே போட்டு முடித்தேன். பிறகு கோவளத்துக்குப் போனேன். டிரைவர் இப்போது கேளம்பாக்கத்துக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார் என்றார்கள். பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பினார். நான் போய் எதிரில் நின்று, கீல், உப்பு, கருப்பு வயர், எல்லாவற்றையும் சொன்னேன். "தப்பு என்னுது" என்றேன்.

"அன்னிக்கே சொன்னேனே அண்ணாத்த" என்றார். அவ்வளவுதான். கோபம்கூட இல்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஓனரிடம் நான் வந்து நேரிலும் சொல்கிறேன், வலைக்காரர்களிடமும் சொல்கிறேன் என்றேன். அவர் தலையை ஆட்டினார். "அவங்களாண்ட சொல்லு, வோணாங்கல. மொதல்ல என் வூட்டுக்கு வந்து சொல்லு. அந்த மணி மீட்டரு கதைய அவளாண்ட சொல்லு."

அப்போதுதான் எனக்குப் புரிய ஆரம்பித்தது. முதலாளி எல்லோர் எதிரிலும் சொன்ன மீட்டர் கணக்கு இவர் வீடு வரைக்கும் போயிருக்கிறது. மீட்டரில் ஏறாத மணி நேரத்தையெல்லாம் நான் டீசலோடு மட்டும்தான் கணக்குப் போட்டிருந்தேன். விடியற்காலையில் போய்க் கடலில் இருந்ததாகச் சொல்லும் புருஷன், கடலில் இல்லையென்றால் வேறு எங்கே இருந்தான் என்று ஒரு வீட்டில் யோசிப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

சின்ன வீடு. உள்ளே நுழைந்ததும் அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் முதலில் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து டி.வி. ஸ்டாண்டில் வைத்தார். பிறகு பர்ஸை வைத்தார். பையில் கிடந்த டீக்கடைச் சீட்டைக்கூட எடுத்துப் பக்கத்தில் வைத்தார். யாரும் கேட்கவில்லை. மனைவி டீ போட்டுக் கொண்டுவந்தார். நான் அந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கீல் எப்படி இருக்கும் என்று இரண்டு கை விரல்களைக் கோத்துக் காட்டினேன். மீட்டர் நின்றது என் தப்பால், படகு ஓடிய நேரம் அவர் சொன்ன நேரம்தான் என்றேன்.

அந்த அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இன்னொரு தபா சொல்லுங்க" என்றார். நான் முதலிலிருந்து சொன்னேன்.

"ரெண்டு மாசமா இவரு சட்டைய மோந்து பாத்துகினு கீறேன் நானு" என்றார் அந்த அம்மா. என்னிடம் சொன்னாரா, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை. பிறகு எழுந்து போய், டி.வி. ஸ்டாண்டிலிருந்த போனை எடுத்து வந்து புருஷனின் சட்டைப் பையில் போட்டார். பர்ஸையும் கையில் கொடுத்தார்.

டிரைவர் எழுந்தார், பையிலிருந்து போனை எடுத்தார், பழைய இடத்திலேயே கொண்டுபோய் வைத்தார். பர்ஸை அதன் மேல் வைத்தார்.

"வுடு, அங்கியே இருக்கட்டும். பழகிப்போச்சி" என்றார்.